மடைப்பள்ளி முறையும் இல்லத்துத் தளிகையும்



திருவிழாவை ஸேவிக்க விஸ்வநத்தத்திற்கு எழுந்தருளியுள்ள அடியார்கள், பெருமாள் கண்டருளிய பிரஸாதத்தைத் தொன்னையில் பெற்று, கண்களில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கையும் கீழே சிந்தாமல் உட்கொள்வதைக் காண்கிறோம். அதே அடியார்கள் வீடு திரும்பியபின் தாம் உண்ணும் உணவிடத்து இந்த ஆதரத்தில் நூற்றில் ஒரு பங்கையேனும் காட்டுகின்றனரா என்பது ஐயத்திற்குரியது. கோயிலில் உண்பது பிரஸாதம், வீட்டில் உண்பது வெறும் சாப்பாடு என்று நாம் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். நம் பெரியோர்கள் அவ்வாறு பிரிக்கவில்லை. இல்லத்தில் ஆக்குவதற்கும் தளிகை என்றே பெயரிட்டனர். ரஸத்தைச் சாத்தமுது என்றும், கறியைக் கறியமுது என்றும், பாயஸத்தைத் திருக்கண்ணமுது என்றும் வழங்கினர். அடுப்பில் ஏறுவது யாதாயினும் எம்பெருமான் அமுது செய்த பின்னரே அது நமக்கு உரியதாகிறது என்பது இப்பெயர்களின் உட்கருத்து.

மடைப்பள்ளியில் வழிவழியாகப் பின்பற்றப்படும் சில விதிகளை இல்லத்து அடுப்பிற்கும் கொண்டு செல்வோமாயின், குடும்பத்தின் தேக ஆரோக்கியம் எங்ஙனம் பேணப்படும் என்பதையே இங்கு விண்ணப்பிக்க முற்படுகிறேன். வேதாத்யயனம் செய்தவனுக்கு வைத்திய விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஆஹாரத்தைப் பற்றி வேதாந்தமே பேசியிருக்கிறது என்பதே அதற்கு விடை.

சாந்தோக்ய உபநிஷத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஸநத்குமாரர் நாரதருக்கு உபதேசிக்கையில், ஆஹாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும், உள்ளம் தூய்மையானால் நினைவு நிலைபெறும், அந்நினைவினால் கட்டுக்கள் யாவும் அவிழும் என்ற கருத்தை அருளிச்செய்கிறார். எம்பெருமானார் தம்முடைய ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே இதனை எடுத்தாண்டு, பக்திக்கு வேண்டிய ஏழு ஸாதனங்களுள் முதலாவதாக விவேகத்தை வைத்தார். விவேகம் என்றதும் நாம் அறிவின் கூர்மையைக் கருதுகிறோம். அங்கே வாக்யகாரரைப் பின்பற்றி எம்பெருமானார் கொண்ட பொருளோ, குற்றமற்ற உணவினால் தேகத்தைத் தூய்மையாக வைத்திருத்தல் என்பதாம். உணவிற்கு வரும் குற்றங்களும் அங்கே மூன்றாக வகுக்கப்படுகின்றன. பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றம் ஜாதி தோஷம்; அது யாருடையது, எவ்வழியில் வந்தது என்பதைப் பற்றிய குற்றம் ஆச்ரய தோஷம்; நல்ல பொருளே ஆயினும் இடையில் ஏதேனும் ஒன்று சேர்ந்ததனால் வந்த குற்றம் நிமித்த தோஷம். மயிர் விழுந்த சோறு இம்மூன்றாவதற்கு உதாரணமாகச் சொல்லப்படும்.

பிரஹ்ம வித்தையை நாடுவோருக்காகச் சொல்லப்பட்ட இப்பாகுபாட்டைப் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் விடியற்காலையில் புறப்படும் குடும்பங்களுக்குப் பொருத்திக் காட்டுவது அடியேனுடைய துணிவேயாகும். ஆயினும் பொருத்திப் பார்க்குங்கால் அது வெகு நன்றாகவே பொருந்துகிறது.

ஜாதி தோஷத்தைப் பற்றிப் பேசுங்கால் வெங்காயம், பூண்டு என்று தொடங்குவது வழக்கம். அவற்றை விலக்குவோர் விலக்குக. புலால் உண்ணும் குடும்பத்தினரும் இம்மலரை வாசிப்பர். அவர்களைக் குறைகூறுவதற்காக இது எழுதப்படவில்லை. யாவருக்கும் பொதுவாகக் கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்று கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் உள்ளது. அங்கே பகவான் ஆஹாரத்தை ஸாத்விகம், ராஜஸம், தாமஸம் என்று மூன்றாகப் பிரிக்கிறான். தாமஸ உணவின் இலக்கணங்களுள் ‘கதரஸம்’ என்பது ஒன்று. தன் இயற்கையான சுவையை இழந்தது என்று எம்பெருமானார் அதற்கு உரையிட்டார். இன்றைய சமையற்கட்டில் இச்சொல்லுக்கு இலக்கியமாக எத்தனை பொருள்கள் அகப்படும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தவிடும் முளையும் நீக்கி அரைத்த மைதா அதில் முதலாவது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா ஊர்ப்பெயரோடு புகழ் பெற்றுவிட்டது; புகழைப் பற்றி நமக்கு வழக்கில்லை. எண்ணெயில் மூழ்கிப் பொரிந்த மைதா நாவிற்குச் சுவை தருகிறதேயன்றி, அச்சுவை கோதுமையினுடையது அன்று. வெண்மை தோன்றத் தீட்டிய அரிசியும் ஏறத்தாழ இவ்வினத்தைச் சேர்ந்ததே.

கோயிலில் பச்சரிசிதானே ஆக்குகிறீர்கள் என்று கேட்பவர்க்கு விடை உண்டு. வெண்பொங்கலை எடுத்துக்கொள்வோம். பச்சரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்து குழைகின்றன; மிளகும் சீரகமும் சுக்கு அல்லது இஞ்சியும் நெய்யும் கூடுகின்றன. உடலை வளர்க்கும் புரதம் பல அமிலங்களால் ஆனது என்றும், அவற்றுள் லைசின் என்பது அரிசியில் குறைவு, பருப்பில் மிகுதி என்றும், மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு, அரிசியில் போதிய அளவு உண்டு என்றும் உணவு நூலார் கூறுவர். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. 100 கிராம் அரிசியில் 7 அல்லது 8 கிராம் புரதமே இருக்க, அதே எடையுள்ள பாசிப்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் உண்டு. காஞ்சி வரதனுக்கு மூங்கிற் கூடையில் வேகும் இட்டிலியிலும், மாலிருஞ்சோலை அழகருக்கு வார்க்கும் தோசையிலும் அரிசியோடு உளுந்து சேர்வதைக் காணலாம். தத்யோதனத்தில் தயிர் அப்பணியைச் செய்கிறது. இவ்விதியை இல்லத்தார் கைக்கொள்ளின் செலவு பெரிதும் கூடாது. வெறுஞ்சோற்றை ஊறுகாயோடு உண்ணும் வீட்டில் ஒரு கைப்பிடி பருப்போ, ஒரு குவளை மோரோ, வேகவைத்த மொச்சையோ சேர்ந்தால் அத்தட்டு வேறு தட்டாகிவிடும். குழந்தைகளுக்கு மாலை வேளையில் காகிதப் பையில் அடைத்த வறுவல்களை வாங்கிக் கொடுப்பதைவிட, நவராத்திரியில் மட்டும் நினைவுக்கு வரும் கொண்டைக்கடலைச் சுண்டலை வாரத்தில் மூன்று நாள் செய்தல் தகும்.

காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிளகாய் அமெரிக்க நாடுகளில் தோன்றிப் போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே பாரத தேசத்தில் பரவியது. ஆகலின் பல திவ்யதேசங்களின் மடைப்பள்ளிகளில் மிளகே இன்றளவும் காரத்திற்கு ஆளப்படுகிறது. நம் மாவட்டத்துச் சம்பா வத்தலோ புவிசார் குறியீடு பெற்றது. அதை விளைவிக்கும் கரிசற்காட்டு விவசாயிகள் அடியேன்மீது வருத்தம் கொள்ளலாகாது. வத்தல் வேண்டாம் என்று கூற வரவில்லை. புளிப்பும் உவர்ப்பும் காரமும் அளவு மீறியதே ராஜஸம் என்றும், துன்பமும் சோகமும் நோயும் அதன் பயன் என்றும் கீதை கூறுகிறது. உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அது ஒரு தேக்கரண்டி அளவே. ஊறுகாய், அப்பளம், சாத்தூர்க் காரச்சேவு ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் வைத்துக்கொண்டு உண்போர் அந்த அளவைச் சோற்றில் உப்பிடுவதற்கு முன்பே எட்டிவிடுவர்.

இனி, இக்கட்டுரையின் முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். விருதுநகர்ச் சீமை வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் கேழ்வரகும் குதிரைவாலியும் இம்மண்ணின் பயிர்கள். அவற்றை ஏழையின் உணவு என்று ஒதுக்கி, விருந்தினர் முன் கம்பஞ்சோற்றை மறைத்து வைக்கும் காலம் ஒன்று வந்தது. 2018-ஆம் ஆண்டை இந்திய அரசு சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும் அம்மதிப்பை ஓரளவு மீட்டன. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவிற்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம்கூடத் தேறாது. கம்பில் இரும்புச் சத்து 6 மில்லிகிராம் அளவில் உள்ளது. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராமிற்கும் குறைவே.

ஆயினும் ஆஸ்திகர் சிலருக்கு ஒரு தயக்கம் உண்டு. “ஸ்வாமி, கம்பும் கேழ்வரகும் கோயில் தளிகையில் புழங்கவில்லையே, அவற்றைப் பெருமாளுக்கு ஸமர்ப்பிக்கலாமா? ஸமர்ப்பிக்காததை எப்படி உண்பது?” என்று இப்பகுதி அம்மையார் சிலர் அடியேனிடம் கேட்டதுண்டு. இது மிகவும் நல்ல கேள்வி. இதற்கு ஸ்ரீராமாயணமே விடை சொல்கிறது.

அயோத்தியா காண்டத்தில், தந்தை பரமபதித்த செய்தியைப் பரதாழ்வான் வாயிலாகக் கேட்டறிந்த சக்கரவர்த்தித் திருமகன், மந்தாகினிக் கரையில் பிண்டம் ஸமர்ப்பிக்கிறான். கோஸல தேசத்துச் சம்பா அரிசிக்கு அங்கே எங்கே போவது? இங்குதிக் கொட்டையின் பிண்ணாக்கோடு இலந்தைப் பழத்தைச் சேர்த்துப் பிசைந்து, தருப்பையின்மேல் வைத்து, தாங்கள் இன்று உண்பது இதுவே, இதனையே ஏற்றருள வேண்டும் என்று கண்ணீருடன் வேண்டுகிறான். ஒருவன் எதை உண்கிறானோ அதுவே அவனுடைய தேவதைகளுக்கும் உணவு என்னும் தர்மம் அவ்விடத்தில் சொல்லப்படுகிறது. பின்னர் அப்பிண்டத்தைக் கண்ட கௌஸல்யா தேவி, நான்கு கடல் சூழ்ந்த பூமியை ஆண்ட மன்னர் இப்பிண்ணாக்கை எப்படி உண்பார் என்று நெஞ்சம் வெடிக்கப் புலம்புகிறாள். புலம்பினாளேயன்றி, இது தகாது என்று ஒருவரும் விலக்கவில்லை. குசேலருடைய கந்தல் முடிப்பிலிருந்த அவலைக் கண்ணன் தானே பிடுங்கி உண்ட கதையை ஸ்ரீபாகவதத்தின் தசம ஸ்கந்தம் கூறும். ஆகவே கோயிலில் ஆகம முறைப்படி ஏற்பட்ட தளிகை நடக்கட்டும். இல்லத்தில் நாம் உண்ணும் கம்பஞ்சோற்றைத் துளஸி சேர்த்து ஸமர்ப்பிப்பதற்கு யாதொரு தடையும் இல்லை. நாம் வாங்கியுண்ணும் எதைப் பெருமாள் முன் வைக்க நமக்கே கூசுகிறதோ, அதைக் குழந்தையின் கையில் கொடுப்பதற்கும் சற்றுக் கூசுதல் நலம்.

ஆச்ரய தோஷத்தைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டியதில்லை. வியர்வை சிந்தி ஈட்டிய வாரக்கூலி தூய்மையான பொருள். அது அடுப்படிக்கு வந்து சேரும் வழியில் மதுக்கடை வாசலைக் கடந்தாக வேண்டியிருக்கிறது. எவ்வளவு கடந்து வருகிறது என்பதைப் பொறுத்தே குழந்தையின் தட்டில் பருப்பு விழுவதும் விழாததும் அமையும்.

நிமித்த தோஷமே நம் ஊருக்கு மிகமிக வேண்டிய பாடம். இவ்வூரில் ‘மருந்து’ என்றால் வைத்தியர் கொடுப்பதை யாரும் நினைப்பதில்லை; வெடிமருந்தையே நினைப்பர். மாலை வேளையில் ஆலை வண்டியிலிருந்து இறங்கி, நேரே ஸந்நிதிக்கு வந்து, தீர்த்தத்திற்காகக் கை நீட்டும் அடியார்கள் பலர். அக்கையின் ரேகைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு மினுமினுப்பு படிந்திருப்பதை அர்ச்சகர்கள் நாள்தோறும் காண்கிறோம். அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த படிவு அது. நகக்கண்களிலும், தலைமயிரிலும், சேலை மடிப்பிலும் அது தங்கும். அதே கையால் நண்பகலில் தூக்குவாளியைத் திறந்து சோறு பிசைந்தால், எத்துணைச் சிரத்தையோடு ஆக்கிய சோறும் தோஷமுடையதாகிறது. மயிர் விழுந்த சோற்றை ஒதுக்கச் சொன்ன பெரியோர்கள் இதனைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பர்?

பரிசாரகர் மடைப்பள்ளிக்குள் நுழையுமுன் நீராடி மாற்று உடை உடுத்துகிறார். தளிகை நடக்கையில் வாய் பேசுவதும் தவிர்க்கப்படும். அவ்வளவு வேண்டாம். உண்பதற்கு முன் இரு கைகளையும் நகக்கண்களையும் முழங்கை வரை சவர்க்காரம் இட்டு ஓடும் நீரில் கழுவுக. நீரில் அலசினால் மட்டும் அத்தூள் போகாது. வேலை முடிந்து இல்லம் திரும்பியதும், குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளுமுன், குளித்து உடை மாற்றுக. வேலையுடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் தனியே துவைக்க வேண்டும். ஸந்நிதிக்கு வருவோரும் திருக்குளத்தருகே கைகால்களை நன்கு கழுவிய பின்னரே தீர்த்தம் பெறுமாறு பிரார்த்திக்கிறேன். பெருமாள் காத்திருப்பார், நடையை உடனே சாத்திவிட மாட்டோம்.

அச்சுத் தொழிலுக்கும் பேர்பெற்றது நம் பகுதி. அச்சகக் கழிவுத் தாள்கள் மலிவாகக் கிடைப்பதால் வடையும் பஜ்ஜியும் அவற்றில் மடித்துத் தரப்படுகின்றன. சூடான எண்ணெய் பட்டவுடன் அச்சு மை இளகி வடையில் ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளில் உணவுப் பண்டங்களை மடிப்பதை 2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் தடை செய்துள்ளன. கோயிலில் இலையும் தொன்னையும் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. அவ்வடையைப் பொரித்த எண்ணெய் காலை முதல் இரவு வரை ஒரே சட்டியில் கொதித்ததாயின் மைக்குத் துணையாக அதுவும் சேர்கிறது. பொரித்த எண்ணெயை மறுபடியும் மறுபடியும் காய்ச்சுங்கால் அது நிறம் கறுத்து, கசந்து, இருதயத்திற்கு ஊறு செய்யும் பொருள்களை உண்டாக்குகிறது.

வெகு நேரம் கிடந்த உணவைக் கீதை தாமஸத்தில் சேர்க்கிறதே, பழையதும் அதில் அடங்குமா என்பது அடுத்துவரும் வினா. இங்கே எம்பெருமானாரின் உரை நமக்குக் கைகொடுக்கிறது. நெடுநேரம் கிடந்தது, இயல்பான சுவை போனது, துர்நாற்றம் வீசுவது, காலம் கடந்ததால் சுவை மாறிப்போனது என்று தனித்தனியே பொருள் உரைத்தார். ஆசாரம் மிக்கோர் பழையதை விலக்குவதும் இவ்வுரைக்கு இணங்கியதே. ஆனால் உழைக்கும் குடிகளின் காலையுணவை முழுவதுமாகத் தாமஸம் என்று தள்ளிவிட அடியேனுக்கு மனம் வருவதில்லை. பெருமாளுக்கே மனம் வரவில்லை போலும். திருவரங்கத்திற்கு அருகில் ஜீயர்புரத்தில், பேரனுக்காகக் காத்திருந்த கிழவி ஒருத்தியிடம் அரங்கன் அப்பேரனுடைய உருவிலேயே வந்து பழையதும் மாவடுவும் அமுது செய்தான் என்பது ஐதிகம். நம்பெருமாள் பங்குனி உற்சவத்தில் அங்கு எழுந்தருள்வதும் அதனைக் கொண்டாடியே. பூரி ஜகந்நாதனுக்கும் நீரூற்றிய அன்னம் நிவேதனம் ஆகிறது. மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ சோற்றில் நல்ல நீரூற்றி மூடிவைத்து, மறுநாள் காலையில் மோரும் சிறிது உப்பும் சேர்த்து உண்பது குளிர்ச்சி தரும், ஜீரணத்திற்கும் உகந்தது. முந்தைய நாள் குழம்பை நான்கு முறை சுடவைத்து உண்பதை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. கோடையில் ஒரு நாளுக்குமேல் பழையதையும் வைக்கலாகாது. நூல் விட்டாலோ நாற்றம் மாறினாலோ மாட்டிற்குப் போய்விட வேண்டும்.

பழையதை விட்டுவிட்டு நம் பெண்மக்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே கவலை தருவது. விடியுமுன் எழுந்து, கணவனுக்கும் மக்களுக்கும் ஆக்கி வைத்து, ஆலை வண்டி வந்துவிட்டதென்று தாம் மட்டும் ஒரு குவளைத் தேநீரும் ஒரு பன்னும் உண்டு ஓடுகின்றனர். தீபாவளி நெருங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் இது உச்சம் பெறும். மதியச் சோற்றிலும் குழம்பின் நீர் இருக்கும், காய் இராது. இரவில் யாவரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதே அவர்கள் பங்கு. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். பாதிக்கு மேல்! காமராஜர் பிறந்த மாவட்டம் இது. பிள்ளைகளின் பசிக்கு அவர் தொடங்கிவைத்த மதிய உணவு விரிந்து, 2022-ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. தாயின் காலையுணவை எந்த அரசும் வந்து பரிமாறப் போவதில்லை. அது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

எல்லாரும் உண்டபின் பெண் உண்பது தர்மம் என்று எண்ணுவோர் ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் மூன்றாம் அம்சத்தைப் பார்த்தல் வேண்டும். இல்லறத்தானின் கடமைகளை ஔர்வ மஹரிஷி ஸகர மன்னனுக்குச் சொல்லுமிடத்தில், வீட்டிலுள்ள சுவாஸினிகள், துன்புற்றோர், கர்ப்பிணிகள், முதியோர், குழந்தைகள் ஆகியோரைப் பக்குவமான அன்னத்தால் முதலில் உண்பித்து, கிருஹஸ்தன் கடைசியில் உண்ண வேண்டும் என்று வரிசை விதிக்கப்பட்டுள்ளது. இவர்கள் உண்ணாதிருக்கத் தான் உண்பவன் பாவத்தையே உண்கிறான் என்பதும் அங்கே உள்ளது. நம் வீடுகளில் இவ்வரிசை தலைகீழாக நடைபெறுகிறது. எந்த சாஸ்திரத்தைப் பார்த்து நடைபெறுகிறதோ அறியோம்.

இரத்தசோகைக்கு மருந்தகத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை மட்டும் நம்புக என்று அடியேன் கூறமாட்டேன். வைத்தியர் கொடுத்ததை உண்க. அதனோடு துவாதசித் தளிகையின் நுட்பத்தையும் கைக்கொள்க. ஏகாதசி உபவாஸம் முடிந்து மறுநாள் காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகியவை சேர்த்துப் பாரணை செய்வது நம் வழக்கம். கீரையிலுள்ள இரும்பு உடலில் எளிதில் ஏறுவதில்லை. நெல்லியில் மிகுந்துள்ள சி வைட்டமின் கூடினால் நன்கு ஏறும் என்பது இன்றைய உணவு நூலின் முடிவு. நெல்லியில் அது ஆரஞ்சைவிடப் பல மடங்கு உண்டு. உணவோடு சேர்த்தோ உண்டு முடித்த உடனேயோ தேநீர் பருகினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் அவ்விரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுதல் நலம். மாதத்தில் இரண்டு துவாதசிகளே வருகின்றன. கீரையும் நெல்லியும் வாரத்தில் மூன்று நாள் வரலாம். அகத்தி கிடைக்காவிடில் கொல்லை முருங்கையே போதும். நெல்லி கிடைக்காத பருவத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாம்.

ஏகாதசியைப் பற்றி ஒரு குறிப்பு. நாட்டின் பெரும்பகுதிக்கு நாட்காட்டி அச்சிட்டுக் கொடுப்பது நம் சிவகாசியே. ஊரார் அனைவருக்கும் ஏகாதசி தேதி சொல்பவர்கள் நாம். நாம் அதை அநுஷ்டிக்கும் விதத்தில் சில இடங்களில் விபரீதம் காணப்படுகிறது. ஒரு சாரார் அரிசியை மட்டும் விட்டு, ஜவ்வரிசி வடையும் உருளைக்கிழங்கு வறுவலும் இரட்டிப்பாக உண்கின்றனர். மற்றொரு சாரார் கொதிக்கும் தகரக் கொட்டகையில் வேலை செய்துகொண்டே நீரும் பருகாமல் மயங்கி விழுகின்றனர். சக்தியற்றோர், கர்ப்பிணிகள், நோயாளிகள், கடின உழைப்பாளிகள் ஆகியோருக்குப் பாலும் பழமும் கொண்டு விரதம் காக்கப் பெரியோர் இடம் கொடுத்திருக்கின்றனர். நீரிழிவு உள்ளோர் வைத்தியரைக் கேளாமல் உபவாஸம் இருக்கலாகாது.

விரதம் உண்டாயின் விருந்தும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த நாச்சியார், நெய்யும் பாலும் விலக்கி நோன்பு நோற்கத் தொடங்கி, திருப்பாவையின் இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் வழியும் பாற்சோற்றில் கொண்டு நிறுத்துகிறாள். கூடாரைவல்லி ஆண்டிற்கு ஒரு நாள். அழகருக்கு அவள் நேர்ந்துகொண்ட நூறு தடா அக்காரவடிசிலை எம்பெருமானார் பின்னாளில் ஸமர்ப்பித்துத் தலைக்கட்டினார். அன்று நெய்யைக் கணக்குப் பார்த்து வார்ப்பது அபசாரம்! தினந்தோறும் இனிப்புக் கடை வாசலில் நிற்பவனுக்குக் கூடாரைவல்லியின் சுவை தெரியப் போவதில்லை. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவையும் அவ்வாறே ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று தாயாரை ஸேவித்துவிட்டு வரும் நாளுக்கு வைத்துக்கொண்டால் இரட்டிப்பாக இனிக்கும்.

முடிவாக, வீட்டில் செய்யத்தக்க கம்பு வெண்பொங்கலின் பாகத்தை எழுதுகிறேன். கம்பை இலேசாக நீர் தெளித்து இடித்து, உமி போகப் புடைத்து, இரண்டாக உடைத்துக்கொள்க. உடைத்த கம்பு ஒரு ஆழாக்கிற்குப் பாசிப்பருப்பு அரை ஆழாக்கு. கம்பை இரவே ஊறவைத்துவிடின் விடியற்காலையில் விறகும் எரிவாயுவும் மிச்சம். பருப்பை வாசனை வர வறுத்து, இரண்டையும் சேர்த்து, நான்கரை ஆழாக்கு நீர் விட்டு, இஞ்சித் துண்டும் பெருங்காயமும் இட்டுக் குழைய வேகவிடுக. உப்பைக் கடைசியில் சேர்க்க. ஒரு கரண்டி நெய்யில் மிளகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, உருவிய முருங்கையிலை ஒரு கைப்பிடி சேர்த்து மூடிவைத்தால் அந்தச் சூட்டிலேயே இலை வெந்துவிடும். நெல்லிக்காய்த் துவையல் தொட்டுக்கொள்ள ஏற்றது. இவ்வளவு நான்கு பேருக்குக் காணும். துளஸி இட்டுப் பெருமாளுக்குக் காட்டியபின், ஆலை வண்டிக்குப் போக வேண்டிய அம்மையாருக்கு முதல் தட்டை வைக்க. தூக்குவாளியிலும் இதையே நிரப்பிக் கொடுக்கலாம், நண்பகல் வரை கெடாது.